மிளகாய்க் களத்தில் இறங்கிய விமானம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

பயிற்சி வகுப்பில் வந்து பேசச் சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தாலே எனக்கு வாய் உலர்ந்துவிடும். எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துக் காட்டட்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எழுத்தில் குறை இருந்தால் வாசிக்கிறவர் திருத்திக்கொள்ளலாம்.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஓட்டல் வேலைக்கு வந்தேன். பிறகு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் ஆளாகச் சேர்ந்து, கடைசியில் டிராக்டர் ஓட்டுநராக ஆனேன். விமானத்தால் தானாகப் பின்னால் நகர முடியாது. மூக்குச் சக்கரத்தில் ஒரு நீண்ட இரும்புத் தண்டை மாட்டி, அதை டிராக்டரோடு சேர்த்து நாம்தான் தள்ளுகிறோம். அந்தத் தண்டை டோபார் என்பார்கள். இரைச்சலில் காது மந்தமாகிவிட்டதால், வயதாகும் முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

டிராக்டரை எப்படி ஓட்டுவது என்பதை உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. கண் ஒன்றைப் பார்த்துவிட்டு ‘இதுதான் அது’ என்று தீர்மானித்துவிட்டால், அதன் பிறகு மனம் நமக்கு வேலை செய்வதில்லை, கண்ணுக்கு வக்கீலாகிவிடுகிறது. தரையில் நமக்கும் இது நடக்கும். ஒரே நிறுவனத்தின் விமானங்கள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சார்ஜாவுக்குப் போகும் பெட்டிகளை மஸ்கட் விமானத்தின் வயிற்றில் பாதி ஏற்றிய பிறகு, ‘ஏன் இதில் ஏற்கெனவே பெட்டி இருக்கிறது’ என்று ஒருவன் கேட்டானாம். ‘முந்தின ஷிப்ட் ஏற்றியிருப்பார்கள்’ என்று இன்னொருவன் பதில் சொன்னானாம். அந்தப் பதிலைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கேள்வி சரியாக இருந்தது. பதில் உடனே கிடைத்துவிட்டதுதான் கேடு.

வானத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு சித்திரை மாதம் பார்த்தேன்.

தென்தமிழ்நாட்டில், கரிசல் நிலத்துக்கு நடுவே, உலக யுத்த காலத்தில் போட்ட ஓடுபாதை ஒன்று கிடக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். விமானம் வருவது நின்று எத்தனையோ காலம் ஆகிறது. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அதில் மிளகாய் காயப்போடுவார்கள். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் உண்மையான விமான நிலையம் இருக்கிறது. இரண்டு ஓடுபாதைகளும் ஏறக்குறைய ஒரே திசையில், ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். வெயில் நேரத்தில் மேலே இருந்து பார்த்தால் அக்கா தங்கை மாதிரி தெரியும் என்று பின்னால் ஒரு பைலட் சொன்னார்.

ஒரு காலை, இரட்டைப் புரொப்பல்லர் விமானம் ஒன்று பயணிகளோடு வந்து, உண்மையான நிலையத்தில் இறங்குவதற்குப் பதிலாக மிளகாய்க் களத்தில் இறங்கிவிட்டது. மிளகாய் குவித்திருந்த இடத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டதால் யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் காற்றாடி கிளப்பிய மிளகாய்த் தூளில் பயணிகள் எல்லாரும் தும்மிக்கொண்டேதான் இறங்கினார்களாம். அவர்களைப் பேருந்தில் அனுப்பிவிட்டார்கள். விசாரணைக்காரர்கள் வந்து அளந்து, படம் எடுத்து, போனார்கள். விமானம் மட்டும் அங்கேயே நின்றது.

அது நின்ற விதம்தான் சிக்கல். ஓடுபாதையில் மிச்சமிருந்த குறைந்த நீளத்தைப் பார்த்து நின்றது. பறக்க வேண்டுமானால் மூக்கைத் திருப்பி, எதிர்த்திசையில் முழு நீளத்தையும் பயன்படுத்த வேண்டும். பாதை அகலமாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் இரு ஓரமும் பொடிந்து, நடுவில் மட்டும்தான் நல்ல கான்கிரீட் மிச்சம். சொந்த எஞ்சினில் திரும்பினால் காற்றாடி கல்லை வாரி அடிக்கும். ஆகவே டிராக்டரால்தான் திருப்ப வேண்டும். அந்தச் சிறிய நிலையத்தில் இந்த விமானத்துக்கான டோபார் கிடையாது. பக்கத்தில் அது இருந்தது எங்களிடம்தான்.

டிராக்டரை டிரெய்லரில் ஏற்றி, ஆரல்வாய்மொழி வழியாகப் போனோம். எங்களுக்குத் தலைமை பொறியாளர் ஷைலஜா மேடம். திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் வீடு, பேச்சு பாதி மலையாளம், பாதி எங்களிடமிருந்து தொற்றிய தமிழ். கூட வந்தவர்கள் பினு, சுடலை இரண்டு பேரும். பினு சங்குமுகம் கடற்கரைப் பையன். சுடலை என் பக்கத்து ஊர்க்காரன், வாய் ஓயாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு கோயில் கொடை விழாக் கூட்டமே இருந்தது. ஐஸ் வண்டி, வெள்ளரிக்காய், மோர். எல்லார் கையிலும் போன். விமானத்தின் மூக்குக்கு யாரோ சந்தனம் வைத்திருந்தார்கள்.

சுடலை கூட்டத்தைத் தள்ளி நிறுத்தக் கயிறு கட்டிக்கொண்டே, “எங்க திருவனந்தபுரத்துல ஆராட்டு அன்னிக்கு சாமி ஓடுபாதை வழியாத்தான் கடலுக்குப் போகும். சாமிக்காகப் பிளேனையெல்லாம் நிப்பாட்டிருவாங்க தெரியுமா?” என்று பெருமையடித்தான்.

சீனியம்மாள் என்ற பெண்மணி, அந்த மிளகாயில் பெரும்பகுதிக்குச் சொந்தக்காரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: “அங்க சாமிக்காக பிளேன நிப்பாட்டுவாக. இங்க பிளேனு வந்து எங்க பொழப்ப நிப்பாட்டிருச்சு. ஏன்யா, அத ஓட்டிட்டு வந்த டிரைவருக்கு கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?”

அவள் பக்கத்தில், உடைமர நிழலில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். தோளில் பைலட்டுகள் போடும் பட்டை மட்டும் இல்லை.

“நான்தாம்மா அந்த டிரைவர்” என்றார்.

சீனியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“சரி, போவட்டும் விடுய்யா. எங்க ஊரு ஸ்டாப்புல பஸ்காரனே நிப்பாட்ட மாட்டான். நீ பிளேனையே நிப்பாட்டிட்ட. இந்தா, மோரு குடி.”

அவரை வேலையிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். விசாரணைக்காரர்கள் இடத்தைக் காட்டச் சொல்லி அழைத்திருந்தார்கள். அவர்கள் போன பிறகும் அவர் போகவில்லை. விமானம் நல்லபடியாக மேலே ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று பக்கத்து டவுனில் அறை எடுத்துத் தங்கிவிட்டார். நாங்கள் அவரைக் கேப்டன் என்றே கூப்பிட்டோம். விமானத்தை ஓட்டிப் போக வேறு இரண்டு பைலட்டுகள் வந்திருந்தார்கள். அவர்கள் அவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்பவர்கள் மாதிரிதான் நின்றார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சுடலை கேட்டே விட்டான். “கோவிச்சுக்காதீங்க சார். எப்படி சார் இப்படி ஆச்சு?” ஷைலஜா மேடம் அவனை முறைத்தார்.

கேப்டன் கோபித்துக்கொள்ளவில்லை. “கேக்கட்டும் மேடம். வந்த நாள்லேந்து எல்லாரும் எழுதித் தரச் சொல்றாங்க. நேர்ல கேட்டது இவர்தான்.”

அவர் சொன்னது இது. வானம் தெளிவாக இருந்தது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பைலட் ‘தெரிகிறது’ என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வார். பிறகு கண்ணால் பார்த்தே இறங்கலாம். அவருக்குத் தெரிந்தது; சொன்னார்; இறங்க அனுமதி கிடைத்தது. “தெரியுதுன்னு ஒரு தடவை வாயால சொல்லிட்டேன் பாருங்க, அதோட முடிஞ்சுது. அப்புறம் கருவி சொன்ன தூரம் பொருந்தல. வழக்கத்தைவிடச் சீக்கிரமா வந்துட்டோமேன்னு தோணுச்சு. மனசே பதில் சொல்லிருச்சு: பின்னாலேந்து நல்ல காத்து. என் கோ-பைலட் பொண்ணு, ‘சார், ரன்வே கொஞ்சம்...’னு ஆரம்பிச்சா. முடிக்கல. நானும் என்னன்னு கேக்கல. கடைசியில பாதையோட கோடியில சிவப்பா ஏதோ தெரிஞ்சுது. இதென்ன செவப்பு? அதுக்கும் பதில் ரெடி. புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க.”

சுடலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்துப் புரையேறிவிட்டது. கேப்டன் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினார்.

“சிரிங்க. ஆனா இத ஞாபகம் வெச்சுக்குங்க. எனக்குச் சந்தேகம் வராம இல்ல. மூணு தடவை வந்துச்சு. மூணு தடவையும் நானே அதைச் சமாதானப்படுத்தி அனுப்பிட்டேன்.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

சாப்பிட்டு எழுந்தபோது மேற்கே மலைப் பக்கம் மேகம் கூடியிருந்தது. கோடை மழை. கரிசல் மண் தெரிந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். வெயிலில் அது சுருங்கி, கை நுழைகிற அளவு வெடிக்கும். ஒரு மழை பெய்தால் களியாகிவிடும். விமானத்தின் ஒரு சக்கரம் அந்தக் களியில் இறங்கினால் தூக்க கிரேன் வர வேண்டும். கிரேன் வரப் பாதை போட வேண்டும். அதற்குள் மழைக்காலமே வந்துவிடும். இறக்கையைக் கழற்றி லாரியில் கொண்டுபோக வேண்டியதுதான் என்று விசாரணைக்கு வந்தவர்களில் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மழைக்கு முன்னால் திருப்பினால் விமானம். இல்லாவிட்டால் காயலான் கடைச் சரக்கு. எங்கள் முன் இருந்த கணக்கு அவ்வளவுதான்.

ஷைலஜா மேடம் காலையிலேயே கான்கிரீட்டைப் பார்த்து, இரண்டு பக்கமும் நல்ல தளம் முடிகிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடச் செய்திருந்தார். முக்கியமான சக்கரங்கள் இறக்கைக்குக் கீழே இருப்பவை. அவை அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. ஒரே வீச்சில் திருப்ப அகலம் போதாது. குறுகிய சந்தில் லாரியைத் திருப்புவதுபோல் முன்னால் இழுத்து, பின்னால் தள்ளி, மறுபடி இழுத்து, மறுபடி தள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும்.

நான் உட்காரும் இடம் விமானத்தின் மூக்குக்கு முன்னால். பின்னால் தள்ளும்போது அந்தச் சக்கரங்கள் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியாது. இடது சக்கரத்தைப் பினு பார்க்கிறான், வலது சக்கரத்தைச் சுடலை பார்க்கிறான். நான் அவர்கள் கையைப் பார்க்கிறேன். விமானத்துக்குள் ஒரு பைலட் பிரேக்கில் கால் வைக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். மேடம் நடுவில் நடந்தபடி ஹெட்செட்டில் அவரோடு பேசுகிறார். பின்னால் போகும் விமானத்தைச் சட்டென்று பிரேக் பிடித்தால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். ஆகவே நிறுத்துவதும் மெதுவாகத்தான் நிறுத்த வேண்டும். அதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தொடங்கினோம். இழுத்தேன். தள்ளினேன். “போரட்டே, போரட்டே”, வரட்டும் வரட்டும் என்று பினு கையை வீசுவான். எல்லை வந்ததும் “மதி மதி!”, போதும் என்று கத்துவான். இப்படி ஒரு சுற்று ஆயிற்று. மூக்கு கால்வாசி திரும்பியிருந்தது. கூட்டம் ஒவ்வொரு தடவையும் விசில் அடித்தது.

அடுத்த இழுப்புக்கு முன்னால், டோபாரை விமானத்தோடு பூட்டும் ஊசியைச் சரிபார்க்க மேடம் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் எல்லாரும் மூக்குச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் விமானத்தின் பின்பக்கம் என்ன நடந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

மறுபடி இழுத்தேன். மறுபடி தள்ளத் தொடங்கினேன். பினு “போரட்டே” என்றான். முந்திய தடவை தள்ளும்போது, கான்கிரீட்டில் இருந்த ஒரு வெடிப்பு என் முன்சக்கரத்துக்கு நேராக வந்தபோதே அவன் “மதி” என்றது எனக்கு நினைவிருந்தது. இப்போது வெடிப்பு வந்தது. “போரட்டே, போரட்டே.” வெடிப்பைத் தாண்டினேன். இன்னும் “போரட்டே”.

எனக்குள் ஒன்று கேட்டது: என்ன இது, இவ்வளவு தூரம் போகிறோமே?

உடனே பதில் வந்தது: இந்தத் தடவை கோணம் வேறு. அதனால் இருக்கும்.

பதில் வந்த வேகம்தான் எனக்கு உறைத்தது. பெயின்ட் அடிச்சிருக்காங்க என்று சொன்ன அதே குரல்.

தம்பிமாரே, தங்கைமாரே, இந்த இடத்தைத்தான் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். பினு பொறுப்பானவன். அவன் கண் முன்னால் சக்கரம் இருக்கிறது, எனக்கு இல்லை. மழை வருகிறது. ஊரே வேடிக்கை பார்க்கிறது. நான் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவன். கையில் காரணம் என்று ஒன்றும் இல்லை, ஒரு வெடிப்பைத் தவிர. எத்தனையோ வருடம் அந்த மாதிரிச் சந்தேகங்களை விழுங்கியே பழகியவன் நான்.

“நிறுத்தணும்! மெதுவா நிறுத்தணும்!” என்று கத்தினேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். டிராக்டரைத் தளர்த்தினேன். மேடம் ஹெட்செட்டில் சொல்ல, விமானம் தள்ளாடாமல் நின்றது.

“எந்தா அண்ணா, எந்து பற்றி?” என்ன ஆச்சு என்று மேடம் ஓடி வந்தார்.

“தெரியல மேடம்.”

“பின்னே எந்தினா நிறுத்தியது?”

“தெரியல. நிறுத்தணும்னு தோணிச்சு. கோட்டப் பாக்கணும்.”

பினுவுக்குக் கோபம். “இசக்கி அண்ணா, இனியும் ஸ்தலம் உண்டு! கோட்டுக்கு ஒரு முழம் இருக்கு. ஞான் குருடனா?”

அவன் சொன்னது உண்மைதான். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு முழத்தில் வெள்ளைக்கோடு இருந்தது. மேடம் குனிந்து அதைத் தொட்டார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. சுண்ணாம்பாக இருந்தால் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினார். அது பெயின்ட். யுத்த காலத்தில் யாரோ ஓடுபாதை ஓரத்துக்குப் போட்ட கோடு.

நாங்கள் போட்ட சுண்ணாம்புக் கோட்டைக் காணவில்லை.

“அது... நாந்தாய்யா கூட்டுனேன்” என்று கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. சீனியம்மாள் விளக்குமாறோடு நின்றாள். “நீங்க முன்னாடி நின்னு பேசிக்கிட்டு இருந்தீக. சக்கரத்துல மொளகா வழுக்கிரக் கூடாதுன்னு நானும் மைனியும் கூட்டி விட்டோம். தூசியா கெடந்துச்சு. ஏன்யா, தப்பாப் போச்சா?”

நல்ல மனதோடு செய்த வேலை. கூட்டியதில் புதுக்கோடு போய்விட்டது. தூசிக்கு அடியில் இருந்த பழைய கோடு வெளியே வந்துவிட்டது. பினு வெள்ளைக்கோட்டைப் பார்க்க வேண்டியவன், வெள்ளைக்கோட்டைப் பார்த்தான். அதில் அவன் குற்றம் என்ன?

சுடலை டிரெய்லரிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்து, சக்கரத்துக்குப் பின்னால் தட்டினான். சக்கரம் நின்ற இடத்தில் ‘ணங்’ என்றது. ஒரு சாண் தள்ளித் தட்டினான். ‘தொப்’. மண் சுருங்கியதால் கான்கிரீட்டுக்குக் கீழே வெறும் பொந்து. இன்னும் ஒரு சாண் போயிருந்தால் தளம் உடைந்து சக்கரம் உள்ளே இறங்கியிருக்கும்.

மேற்கே இடி இடித்தது.

விமானத்தை ஓட்ட வந்திருந்த பைலட் மேலிருந்து ஜன்னலைத் திறந்து கேட்டார்: “மேடம், நேரம் போகுது. குத்துமதிப்பா திருப்பிடலாமா?”

மேடம் வானத்தைப் பார்த்தார். அந்தச் சில வினாடிகள் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. மழைக்கு முன் முடியாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

“மழ வந்தா வரட்டும். கோட்ட மொதல்ல சரியாக்கணும்” என்றார். “சுண்ணாம்பு பாக்கி உண்டோ?”

இல்லை. காலையிலேயே தீர்ந்துவிட்டது.

அதுவரை உடைமரத்தடியை விட்டு நகராத கேப்டன் வந்தார். “வெள்ளையே வேண்டாம் மேடம். இங்க ஏற்கெனவே ஒரு வெள்ளை இருக்கு. வேற எதோடயும் குழப்பிக்க முடியாத ஒண்ணா இருக்கணும்.” சொல்லிவிட்டு அவர் திரும்பிப் பார்த்தது மிளகாய்க் குவியலை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இத ஒரு தடவை பெயின்டுன்னு நெனச்சேன். இனி ஜென்மத்துக்கும் நெனைக்க மாட்டேன்.”

சீனியம்மாள் யோசிக்கவே இல்லை. “அள்ளுங்கடி!” என்றாள்.

சுடலை கடப்பாரையால் தட்டிக்கொண்டே போனான். ‘ணங்’ சத்தம் ‘தொப்’ ஆகும் இடத்தில் நிற்பான். ஒரு அடி உள்ளே தள்ளி, பின்னால் வரும் பெண்கள் முறத்திலிருந்து மிளகாயைச் சரிப்பார்கள். இரண்டு பக்கமும் செக்கச்செவேல் என்று கோடு. கேப்டன் முழங்காலிட்டு, சிதறிய மிளகாயைக் கையால் ஒதுக்கிக் கோட்டை நேராக்கினார். சட்டையெல்லாம் சிவப்பு. கண்ணைக் கசக்கிவிட்டு அவர் துள்ளியதைப் பார்த்து, “மொளகா தொட்ட கையில கண்ணத் தொடாதய்யா, பச்சப்புள்ளையாட்டம்” என்று சீனியம்மாள் திட்டினாள்.

மறுபடி டிராக்டரில் ஏறினேன். மேடம் புதிதாக ஒரு விதி சொன்னார். “பினு கண்டா போதாது. சுடலை தட்டிக் கேட்டு ‘உண்டு’ன்னு சொல்லணும். ரெண்டும் வந்தாத்தான் இசக்கி அண்ணா தள்ளும்.” அப்படியே செய்தோம். பினு “போரட்டே” என்பான். கடப்பாரை ‘ணங்’ என்னும். சுடலை “உண்டு!” என்பான். நான் தள்ளுவேன். கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் பாட்டுப் போலப் பிடித்துக்கொண்டது. போரட்டே, ணங், உண்டு. ஊரே “உண்டு! உண்டு!” என்று கத்தியது. இழுத்தேன். தள்ளினேன். ஒரு தடவை கடப்பாரை ‘தொப்’ என்றது; ஊரே “இல்ல!” என்று அலறியது. நின்றோம். வேறு கோணத்தில் எடுத்தோம்.

விமானத்தின் மூக்கு ஓடுபாதையின் நீண்ட பக்கத்தைப் பார்த்து நேரானபோது எழுந்த சத்தத்தில் என் மந்தக் காதும் அடைத்துவிட்டது. பினு வந்து என்னைக் கட்டிக்கொண்டான். “அண்ணா, ஞான் தேஷ்யப்பட்டது விடு.” அவன் கோபப்பட்டது எனக்கு மறந்தே போயிருந்தது.

டோபாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேப்டன் என் பக்கத்தில் வந்தார். “நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார்.

“நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல சார்” என்றேன். ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு என்று பட்டது. “சாப்பிடும்போது நீங்க சொன்னீங்கல்ல, மனசே பதில் சொல்லிருச்சுன்னு. எனக்கும் சொல்லுச்சு. அதான் நிறுத்திட்டேன்.”

அவர் டோபாரின் மறுமுனையைத் தூக்கி டிரெய்லரில் ஏற்ற எனக்குக் கை கொடுத்தார். அது கேப்டன்கள் தூக்குகிற பொருள் அல்ல. விசாரணையிலும் அவர் எதையும் மறைக்காமல் சொன்னார் என்றும், மறுபயிற்சி முடித்து இப்போது மறுபடி பறக்கிறார் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.

ஊரே சேர்ந்து ஓடுபாதையைக் கூட்டியது. இந்தத் தடவை மேடமே விளக்குமாறு கொடுத்துக் கூட்டச் சொன்னார். பயணிகள் இல்லை, பெட்டிகள் இல்லை, திருவனந்தபுரம் போய்ச் சேர வேண்டிய அளவுக்குத்தான் எரிபொருள். முடிந்த மட்டும் எடையைக் குறைத்திருந்தார்கள். காற்றாடிகள் சுழலத் தொடங்கியபோது முதல் துளிகள் விழுந்தன. விமானம் கிளம்பி எங்களைத் தாண்டும்போது பாதை நனைந்து பளபளத்தது. மிச்சமிருந்த மிளகாய் விதையெல்லாம் கிளம்பி, ஊரே தும்மியது. பாதி தூரத்திலேயே மூக்கைத் தூக்கியது. பொந்துக் கான்கிரீட், கரிசல், உடைமரம் எல்லாவற்றையும் கீழே விட்டுவிட்டு ஏறியது. மழை கொட்டியது. ஒருவரும் ஒதுங்கவில்லை. பிள்ளைகள் சட்டையைக் கழற்றிச் சுற்றினார்கள். சீனியம்மாள் வெறும் முறத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு, “போயிட்டு வா! அடுத்த தடவ சொல்லிட்டு வா!” என்று மேகத்தைப் பார்த்துக் கத்தினாள்.

கேப்டன் மட்டும் விமானம் கண்ணுக்கு மறைந்த பிறகும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போய் இறங்கும்வரை அவருக்கு இந்த விஷயம் முடிந்ததாகாது. எங்களுக்கும்தான். பிறகுதான் டிரெய்லருக்குக் கீழே ஒண்டிக்கொண்டு போனுக்காகக் காத்திருந்தோம்.

கடைசியில் மேடத்தின் போன் அடித்தது. எல்லாரும் கேட்கும்படி வைத்தார். திருவனந்தபுரத்திலிருந்து எங்களோடு வேலை பார்க்கும் ராஜன் சேட்டன்.

“மேடம், எறங்கி! சுகமாயிட்டு எறங்கி!”

பினுவும் சுடலையும் துள்ளியதில் இரண்டு பேர் தலையும் டிரெய்லரின் அடியில் இடித்தது. கேப்டன் போனருகே குனிந்தார்.

“எந்த ஏர்போர்ட்ல?”

மேடம்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எங்களால் நிறுத்தவே முடியவில்லை. ராஜன் சேட்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்து கேள்வி சாரே! நம்மட ஏர்போர்ட் தன்னே. ஞான் என்றெ கண்ணால கண்டு!”

“கண்ணால கண்டா போதாது சேட்டா” என்றார் கேப்டன். “போய்த் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

போனில் காலடிச் சத்தம் கேட்டது. கடல் காற்றின் இரைச்சல் கேட்டது. நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் ராஜன் சேட்டன் திரும்பி வந்தார். குரலில் ஆச்சரியம்.

“தொட்டு சாரே. சக்கரத்தின்டெ மேலேந்து வெள்ளம் சொட்டுது. இவிடெ ஒரு துள்ளி மழ இல்லல்லோ!”

கேப்டன் தன் மேல் ஊறிக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தார். மழையைப் பார்த்தார்.

“அப்போ அதுதான்” என்றார்.